நாளைக்கு மேஸ்திரியும் பதினோரு நாளும்

எங்கள் தெருவில் தரைக்கும் சுவருக்கும் டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி ஒருவர் உண்டு. பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவருக்கும் இருக்கத்தான் செய்கிறது. அது அவருடைய பாஸ்போர்ட்டிலும், பிற்பாடு அயல்நாட்டுக் குடிநுழைவு அலுவலகத்தின் தடைப் பட்டியலிலும் பிழையின்றிப் பதிவாகியுள்ளது. தெருவார் அறிந்ததோ 'நாளைக்கு மேஸ்திரி' என்னும் பெயர் ஒன்றே. "எப்ப வருவீங்க?" என்று யார் கேட்டாலும், கேள்வி முடியுமுன் அவர் வாயிலிருந்து "நாளைக்கு" என்னும் விடை புறப்பட்டுவிடும். விடை புறப்படும், அவர் புறப்படமாட்டார்.

இதனால் அவரைச் சோம்பர் என்று எண்ணிவிடலாகாது. ஞாயிறு எழுமுன் எழுந்து, ஞாயிறு மறைந்தபின் கைகழுவும் உழைப்பாளி அவர். அவர் கை பட்ட தளத்தில் நீர் தேங்கி நின்றதாக வரலாறு இல்லை. குளியலறைத் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தால், அது சிறிதும் ஐயுறாது வடிகாலை நோக்கி நடக்கும். பதித்த டைல்ஸை விரல் மடக்கித் தட்டினால், உள்ளே சாந்து நிறையாத பொள்ளலைக் காட்டிக்கொடுக்கும் 'டொக்கு' என்னும் ஓசை எழாது; கருங்கல்லைத் தட்டியது போல அடங்கிய ஓசையே எழும். இத்தகைய கைக்காரருக்கு எல்லா வீட்டிலும் அழைப்பு. எல்லா வீட்டிலும் அழைப்பு இருந்தமையால் எல்லா வீட்டிலும் நாளை. ஒரு வீட்டில் சுவரைக் கொத்திப் போட்டுவிட்டு, இன்னொரு வீட்டில் ஈரம் பார்க்கப் போவார்; ஈரம் பார்க்கப் போன இடத்தில் மூன்றாம் வீட்டார் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போவர். முப்பதாண்டுத் தொழிலில், வெள்ளிக்கிழமை முடியும் என்று அவர் சொன்ன வேலை அடுத்த புதன்கிழமைக்கு முன் முடிந்ததில்லை. அதற்காக அவரை யாரும் தண்டித்ததும் இல்லை. ஏசுவார்கள், அவர் தலையைச் சொறிவார், தேநீர் வரும், வேலை தொடரும். தேதி என்பது பேச்சைத் தொடங்கிவைக்க மனிதர் கண்டுபிடித்த ஒரு மரியாதைச் சொல் என்பதே அவர் கொண்டிருந்த உறுதியான கொள்கை.

இக்கொள்கையைச் சுமந்துகொண்டுதான், சென்ற ஆண்டின் நடுவில், தம் ஒரே மகளைக் காண மனைவியோடு அவர் விமானம் ஏறினார். பார்வையாளர் விசா, தொண்ணூறு நாள்.

மகள் அந்நாட்டில் ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிந்தாள். மருமகன் பேருந்து நிறுவனம் ஒன்றில் கால அட்டவணை வகுப்பவர். எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் எந்த நிமிடத்தில் நிற்கவேண்டும் என்று விதிப்பது அவர் தொழில். சென்று சேர்ந்த மூன்றாம் நாள் குளியலறைக்குள் கால்வைத்த மேஸ்திரி, அங்கேயே நின்றுவிட்டார். மூலையில் உள்ளங்கையளவு நீர் தேங்கியிருந்தது. கவிஞர் தம் வீட்டில் தளைதட்டிய செய்யுளைக் கண்டது போல் அவர் முகம் சுருங்கிற்று.

"எவன் போட்டான் இத?"

"வீட்டோடயே வந்ததுப்பா."

"பிரிச்சுப் போட்டுறலாம்மா. ஒரு வாரத்து வேலை."

"எப்பப்பா?"

"நாளைக்கு."

அச்சொல்லைக் கேட்டே வளர்ந்த மகள், அன்று மாலையே கடைக்குச் சென்று, குளியலறையில் வழுக்காமல் நடக்க ஒரு ஜோடி ரப்பர்ச் செருப்பு வாங்கிவந்தாள்.

நாளைகள் எண்பது கடந்தன. எண்பத்து நான்காம் நாள் காலை, யாரும் எதிர்பாராத வேளையில், மேஸ்திரி சுத்தியலும் உளியும் வாங்கிவந்து குளியலறைத் தரையைப் பெயர்த்துவிட்டார்.

மனைவி வாசலில் நின்று பார்த்தார். "இன்னும் ஆறு நாள்தாங்க இருக்கு. இப்பப் போயி ஒடைக்கிறீங்களே."

"ஆறு நாள் தாராளம்."

"உங்க ஆறு நாள் எத்தன நாளுன்னு எனக்குத் தெரியாதா?"

தொண்ணூறாம் நாள் வந்தபோது தரையில் பாதி டைல்ஸ் பதிந்திருந்தது. மீதி, சாந்து கண்ட வெற்றிடம். வாசலில் வாடகைக் கார் நின்றது. மனைவி பெட்டியோடு நின்றார். "நான் கெளம்புறேன். நீங்க?"

"நாளைக்கு."

மருமகன் மட்டும் கலங்கினார். "மாமா, தேதி தாண்டுனா சிக்கலாயிடும். பதிச்சு முடிச்சிட்டுப் போங்க. சிமெண்டு இறுகத் தண்ணி காட்டுறத நான் பாத்துக்கறேன்."

"மாப்ள, நீங்க பஸ்ஸுக்கு நேரம் எழுதுறவரு. சிமெண்டுக்கு நேரம் உங்களுக்குத் தெரியாது. தண்ணி காட்டாம விட்டா முடி மாதிரி கோடு கோடா வெடிக்கும். ஈரத்த விட்டுட்டுப் போன மேஸ்திரின்னு எனக்கு ஒரு பேரு வரணுமா? ரெண்டு நாள் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். காரணத்தச் சொன்னா புரிஞ்சுக்கமாட்டாங்களா?"

பதினோரு நாள் கழித்து, தரை கருங்கல்லாய் இறுகியபின், அவர் விமான நிலையம் சென்றார். கண்ணாடிக்குப் பின் அமர்ந்திருந்த அதிகாரி ஓர் அம்மையார். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்; கணினியைப் பார்த்தார்; விரல்விட்டு எண்ணினார்; மறுகையையும் சேர்த்து எண்ணினார்; விரல்கள் போதவில்லை. தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரின் குரல் வரவழைக்கப்பட்டது.

"ஏன் பதினோரு நாள் கூடுதலா தங்குனீங்கன்னு கேக்குறாங்க."

"ஈரம் காயணும்ல."

"எதோட ஈரம்?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல மேஸ்திரி தம் கைப்பேசியை எடுத்துக் கண்ணாடிமேல் ஒட்டவைத்தார். பெயர்க்குமுன் எடுத்த படம், பெயர்த்தபின் எடுத்த படம், பதித்தபின் எடுத்த படம், அவரே மண்டியிட்டுத் தரையைத் தேய்க்கும் படம். முதல் மூன்று படங்களை அம்மையார் ஆர்வத்தோடு பார்த்தார். நான்காவதை ஐயத்தோடு பார்த்தார்.

"இதுக்குக் கூலி வாங்குனீங்களான்னு கேக்குறாங்க."

"பெத்த பொண்ணுகிட்டக் கூலி வாங்குற ஆளு மாதிரியா இருக்கேன்? அவங்க வீட்டுல தண்ணி நிக்குதான்னு கேளுங்க. சாய்வு எந்தப் பக்கம்னு நான் சொல்றேன்."

அது மொழிபெயர்க்கப்பட்டதா என்பது தெரியவில்லை. ஒரு தாள் அச்சாகி வந்தது, அதில் கையெழுத்திடச் சொன்னார்கள், இட்டார். கடைச் சீட்டுகளோடு அதையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி, அத்தாளைத் தம் தம்பியிடம் கொண்டுபோனார். தம்பி ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். ஊரார் ஆவணங்கள் எல்லாம் தம் கண்ணாடித் தட்டின் வழியே கடந்துபோவதால், எல்லாச் சட்டமும் தமக்குத் தெரியும் என்று நம்புபவர். அவர் தாளைப் படித்துவிட்டுக் கடையைப் பாதியில் அடைத்து ஓடிவந்தார்.

"மாமா, உங்கள ரெண்டு வருஷத்துக்கு உள்ள விடமாட்டாங்களாம்."

"எந்த வீட்டுக்குள்ள?"

"வீட்டுக்குள்ள இல்ல மாமா. நாட்டுக்குள்ள."

மேஸ்திரி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினோரு நாளுக்கு ரெண்டு வருஷமா? ஒரு வருஷம் இழுத்த வீட்டுலகூட, கடைசில டீ குடுத்துத்தான் அனுப்புவாங்க."

ஆயினும் அவர் பெரிதும் வருந்தவில்லை. இரண்டாண்டு என்பது, அவர் கணக்கில், ஒரு மாடிவீட்டுக்குத் தளம் பதிக்கும் காலம். நடக்கும்போது நடந்து முடியும் என்று கரணையைக் கையிலெடுத்தார்.

அவ்வமைதி மார்ச் மாதம் வரை நீடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் மகள் அழைத்தாள். தாயாகப் போகிறாள், செப்டம்பர் பன்னிரண்டு என்று மருத்துவர் நாள் குறித்திருக்கிறார். அம்மாவிடம் சிரித்தும் அழுதும் பேசிவிட்டு, அப்பாவிடம் தரச் சொன்னாள்.

"அப்பா, நான் பொறந்தப்ப 'நாளைக்கு வர்றேன்'னு சொல்லிட்டு மூணு நாள் கழிச்சுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களாம். அம்மா இருபத்தெட்டு வருஷமா சொல்லிட்டு இருக்காங்க."

"அன்னிக்கு ஒரு தண்ணித்தொட்டி கசிஞ்சிரிச்சும்மா. பாதில விட்டுட்டு..."

"தெரியும்ப்பா. இந்தத் தடவ மட்டும் முன்னாடியே வந்து இருங்க. எனக்கு நீங்க இருக்கணும்."

மேஸ்திரியின் வாய் திறந்தது. வழக்கமான சொல் வெளிவரவில்லை. மனைவி தொலைபேசியை வாங்கி, "கேட்டுக்கிட்டுத்தாம்மா இருக்காரு. தொண்டையில ஏதோ சாந்து அடைச்சிருக்கு," என்றார்.

மருமகன் அட்டவணை வகுப்பவராதலால், நான்கு நாளில் வழி ஒன்று கண்டுபிடித்தார். குடும்பக் காரணம் காட்டித் தடையை நீக்கக் கோரலாம். நடந்தது என்னவென்று ஒரு விளக்கக் கடிதம் வேண்டும். இனி குறித்த நாளில் திரும்புவேன் என்று ஓர் உறுதிமொழி வேண்டும். அன்றியும், விண்ணப்பதாரர் குறித்த கெடுவைக் காப்பவர் என்பதற்கு, உறவினர் அல்லாத ஒருவர் எழுதிய சான்றுக் கடிதம் வேண்டும்.

கடைசி நிபந்தனையைக் கேட்ட மனைவி கட்டிலில் அமர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதுக்கு நீங்க வேற ஊர்ல போயிப் பொறக்கணும்," என்றார்.

ஜெராக்ஸ் கடைத் தம்பி தளரவில்லை. "மாமா, நெஞ்சுவலின்னு எழுதுவோம். ஏர்போர்ட்டுக்குக் கெளம்புறப்பப் பிடிச்சுக்கிச்சு. பதினோரு நாள் படுத்த படுக்கை."

"பதினோராவது நாளு எடுத்த படத்துல நான் மண்டிபோட்டுத் தரைய தேய்ச்சுக்கிட்டு இருக்கேனே மச்சான். அந்த அம்மாகிட்ட நானே காட்டிட்டேன்."

"அப்ப மறதி வியாதின்னு போடலாம்."

"மறந்துபோனவன் கையெழுத்த யாரு நம்புவா?"

தம்பி சிந்தனையில் ஆழ்ந்தார். அச்சிந்தனையிலிருந்து அவரை யாரும் எழுப்பவில்லை.

சான்றுக் கடிதத்துக்காக மேஸ்திரி தெருவில் இறங்கினார். டீக்கடைக்காரர், தம் பின்கட்டில் ஒன்றரை ஆண்டாய் அரைகுறையாய் நிற்கும் பாத்திரம் கழுவும் தொட்டியைக் காட்டி, "இதுகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்குங்க," என்றார். தையற்காரர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "நாளைக்குத் தர்றேன் மேஸ்திரி," என்றார். அவர் குரலில் குத்தல் இருந்தது என்பது மேஸ்திரிக்கு வீடு சேர்ந்தபின்தான் விளங்கிற்று.

எஞ்சியவர் டைப்பிஸ்ட் அம்மா. நீதிமன்றத்தில் முப்பத்தோராண்டு தட்டச்சு அடித்து ஓய்வுபெற்றவர், தனியே வாழ்பவர், அவர் அடித்த தாளில் அழித்தெழுதிய எழுத்து ஒன்றைக் கண்டவர் யாரும் இல்லை. இரண்டாண்டுக்கு முன் அவர் சமையலறைச் சுவரைக் கொத்திவிட்டு, "நாளைக்கு" என்று சொல்லிப் போனவர் மேஸ்திரி. கொத்திய இடத்தை மறைக்க அம்மையார் ஒரு நாட்காட்டியை மாட்டினார். ஆண்டு முடிந்ததும் அதன்மேல் இன்னொன்றை மாட்டினார். இப்போது மூன்றாவது தொங்கிற்று.

மேஸ்திரி தலையைச் சொறிந்தபடி நிற்க, உடன்வந்த மனைவி செய்தியைச் சொன்னார்.

"பொய் எழுதச் சொல்றீங்களா?"

"இல்லம்மா. கொஞ்சம் நல்லபடியா..."

"நடக்காத தேதிய என் மெஷின் அடிக்காது," என்றார் டைப்பிஸ்ட் அம்மா. பிறகு மூக்குக்கண்ணாடியை இறக்கி மேஸ்திரியைப் பார்த்தார். "நடந்த தேதிய அடிக்கும். நடத்திக் காட்டுங்க. என் சமையலறை, ரெண்டு சுவரு, தரை. எத்தன நாளு?"

"பன்னெண்டு நாள் போதும்மா."

"உங்க பன்னெண்டா, நாட்காட்டி பன்னெண்டா?"

மேஸ்திரி மூன்று நாட்காட்டிகளையும் ஏறிட்டுப் பார்த்தார். "நாட்காட்டி," என்றார்.

அப்போதே தட்டச்சுப்பொறி முழங்கிற்று. வேலை ஜூன் பத்தாம் தேதி காலை எட்டு மணிக்குத் தொடங்கி, இருபத்தோராம் தேதி மாலை ஐந்து மணிக்கு முடியவேண்டும். முடிந்தால் சான்று, முடியாவிட்டால், முடியவில்லை என்பதற்கும் ஒரு சான்று அடித்துக் குடிநுழைவு அலுவலகத்துக்குத் தாமே அஞ்சலில் அனுப்புவதாக அம்மையார் சேர்த்துக்கொண்டார்.

ஜூன் பத்தாம் தேதி காலை ஏழே முக்காலுக்கு மேஸ்திரி கரணை, ரசமட்டம், நூல், ரப்பர்ச் சுத்தியலோடு அவ்வீட்டு வாசலில் நின்றார். கதவு பூட்டியிருந்தது. அவர் வருவார் என்று சற்றும் நம்பாத அம்மையார், காய்கறி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். மேஸ்திரி படியில் அமர்ந்து ஒரு மணி நேரம் காத்திருந்தார். ஒருவருக்காகத் தாம் காத்திருப்பது அவருக்குப் புதிய அனுபவம். அது இவ்வளவு நீளமானது என்று அவர் அறிந்திருக்கவில்லை.

அம்மையார் பையோடு திரும்பி, படியில் அவரைக் கண்டு திடுக்கிட்டார். "என்ன மேஸ்திரி, யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

"வேலைக்கு வந்தேம்மா."

அம்மையார் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்து, ஓடுகிறதா என்று கேட்டபின் கதவைத் திறந்தார்.

செய்தி தெருவெங்கும் பரவியது. டீக்கடைக்காரர், விலைப்பலகையில் தேநீர் விலைக்குக் கீழே, 'மேஸ்திரி: 12' என்று சாக்குக்கட்டியால் எழுதினார். மறுநாள் அது 11 ஆயிற்று. அதற்கடுத்த நாள் 10. தேநீர் குடிக்க வருவோர் பலகையைப் பார்த்துவிட்டு, அம்மையார் வீட்டுச் சன்னல்வழியே தலையை நீட்டிச் சரிபார்த்துப் போவர். "உள்ளதான் இருக்காரு," என்று சாட்சி சொல்வர். நான்காம் நாள், வேறொரு வீட்டுக்காரர் வந்து வழக்கம்போல் மேஸ்திரியின் கையைப் பிடித்து இழுத்தார். சன்னலில் நின்ற மூவர் அவரைப் பிடித்து அப்பால் இழுத்துப் போயினர்.

எட்டு நாள் நூல் பிடித்தது போல் நடந்தது. ஒன்பதாம் நாள் பிற்பகல் மேஸ்திரி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார்; பெட்டி காலி. சுவரில் ஏழு டைல்ஸ் குறைந்தது. இரண்டாண்டுக்கு முன் வாங்கிய வெளிர்பச்சைச் சரக்கு. அந்நிறம் இப்போது கடையில் வருவதில்லை. வேறு சரக்கில் பச்சை கிடைக்கும்; ஆனால் பக்கத்தில் வைத்தால் ஒன்று இலையாகவும் மற்றொன்று பாசியாகவும் தெரியும்.

முன்னைய வாழ்வில் இது ஒரு வரமாக இருந்திருக்கும். 'சரக்கு வரல' என்பது இரண்டே சொல்லில் மூன்று மாதம் வாங்கித் தரும் காரணம்; அதைக் கேட்டபின் எவ்வீட்டாரும் வாய் திறந்ததில்லை. இன்றோ மேஸ்திரி அதைச் சொல்ல வாய்வராது வீடு வந்து சேர்ந்தார்.

"ஏழு குறையுது," என்றார் மனைவியிடம்.

மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "என்ன கலரு?" என்றார்.

"வெளிர்பச்சை."

மனைவி நீர்க்குழாயை நிறுத்தினார். தம் தொட்டிக்கு மேலே சுவரில் இருந்த வரிசையை ஈரவிரலால் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு.

மேஸ்திரியின் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது. இரண்டாண்டுக்கு முன், அம்மையார் வீட்டுச் சரக்குப் பெட்டி ஒன்றை உடையாமல் காப்பதற்கென்று தம் வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். மனைவியின் தொட்டியருகே சுவர் ஊறுவதைக் கண்டு, அதிலிருந்து ஏழு டைல்ஸ் மட்டும் எடுத்து ஒட்டினார். நாளைக்கு வேறு வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவதாக எண்ணினார்.

"இது அந்தம்மாவோடதா? பொறந்தநாளுக்கு ஒட்டித் தர்றேன்னு சொன்னீங்க."

"ஒட்டினது பொறந்தநாள் அன்னிக்குத்தாம்மா."

"என் பொறந்தநாளுக்கு மூணு நாள் கழிச்சு." மனைவி உள்ளே சென்று உளியோடு வந்தார். "தள்ளுங்க. நீங்க ஒட்டுனது வரவே வராது. ரெண்டு பேரும் சேர்ந்தாத்தான் ஆவும்."

இரண்டு மணி நேரம் பெயர்த்தார்கள். தாம் ஒட்டிய பிடிப்பின் உறுதியைத் தாமே வைதவர் உலகிலேயே மேஸ்திரி ஒருவராகத்தான் இருப்பார். ஒன்றும் உடையாமல் ஏழும் வந்தன. தூசு படிந்த முகத்தோடு மனைவி தரையில் அமர்ந்தார்.

"போன தடவ தனியா வந்தேன்ல. பக்கத்து சீட்டு ஆளு தூங்கி என் தோள்ல விழுந்துட்டாரு. பாவம்னு பேசாம இருந்தேன். நீங்களா இருந்தா இடிச்சுத் தள்ளியிருப்பேன்." சற்று நிறுத்தி, "அதுக்காவது வாங்க," என்றார்.

இருபத்தோராம் தேதி மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்குக் கடைசி இடுக்கில் வெள்ளைச் சிமெண்ட் தேய்க்கப்பட்டது. சன்னலில் ஒன்பது தலைகள். டைப்பிஸ்ட் அம்மா பென்சிலின் அடிமுனையால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டு போனார். தட்டும் ஓசையைத் தெரு மூச்சடக்கிக் கேட்டது. ஏழு டைல்ஸ் மட்டும் சற்றே பழகியவை போல் மின்னின. அவற்றின் வரலாற்றை அம்மையார் கேட்குமுன் மேஸ்திரியே சொல்லிவிட்டார். அம்மையார் தலையசைத்து அவற்றையும் தட்டினார். எங்கும் 'டொக்கு' இல்லை.

மேஸ்திரி அசையாமல் நின்றார். "அம்மா, ஈரம்... இன்னும் மூணு நாள் வந்து தண்ணி காட்டிட்டு..."

"கெடு முடிஞ்சது. நீங்க போகலாம்."

"தண்ணி காட்டலேன்னா..."

"ஏன், எனக்குக் கையில்லையா? ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"மூணு தடவ."

"எத்தன மணிக்கு?"

மேஸ்திரி சொன்னார், அம்மையார் குறித்துக்கொண்டார். ஈரத் தளத்தை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு ஒருவன் நடந்துபோக முடியும் என்பது, முப்பதாண்டுத் தொழிலில் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. வாசலுக்கு வரும்வரை நான்கு முறை திரும்பிப் பார்த்தார்.

சான்றுக் கடிதம் மறுநாள் வந்தது. படித்த தம்பி தலையில் கைவைத்தார். கடிதம் கூறியது: 'இம்மனிதரை எனக்கு ஒன்பது ஆண்டுகளாகத் தெரியும். அவற்றுள் எட்டு ஆண்டு, பதினோரு மாதம், பதினெட்டு நாள் இவர் சொன்ன தேதியில் எதையும் முடித்ததில்லை. கடைசிப் பன்னிரண்டு நாள் கெடுவைக் காத்தார். ஐம்பது நிமிடம் மீதமிருந்தது. இவரால் முடியாது என்று நான் எண்ணியிருந்தேன். என் எண்ணம் பிழை. ஈரத்தைப் பிறரிடம் விட்டுவரக் கற்றுக்கொண்டார் என்பதையும் நேரில் கண்டேன்.'

"இத அனுப்புனா மூணு வருஷம் ஆக்கிடுவாங்க மாமா."

"உள்ளத உள்ளபடி இருக்கு. அனுப்பு," என்றார் மேஸ்திரி. விளக்கக் கடிதமும் அவ்வாறே எழுதப்பட்டது: குளியலறையில் நீர் நின்றது; நாள் தள்ளினேன்; தேதி கடந்தது என் பிழை.

ஜூலை முதல் தேதி மனு சென்று சேர்ந்தது. அறுபது நாளில் முடிவு தெரிவிக்கப்படும் என்று ஒப்புகை வந்தது. ஆகஸ்ட் இறுதியில் மனைவி முன்னே கிளம்பினார். அறுபதாம் நாள் வந்தது, முடிவு வரவில்லை. அறுபத்தைந்து. மேஸ்திரி அஞ்சற்காரரைத் தெருமுனையிலேயே மறித்தார். டீக்கடைப் பலகையில், 'ஆபீஸ்: 5 நாள் லேட்' என்று புதிய கணக்கு ஏறிற்று. அறுபத்தொன்பதாம் நாள் மேஸ்திரி டைப்பிஸ்ட் அம்மாவிடம் போய் நின்று, "காத்துக்கிட்டு இருக்கிறதுன்னா இப்படித்தான் இருக்குமாம்மா?" என்றார். அம்மையார், "ரெண்டு வருஷம் இப்படித்தான் இருந்துச்சு," என்று சொல்லித் தேநீர் தந்தார்.

செப்டம்பர் பத்தாம் தேதி உறை வந்தது. தடை நீக்கப்பட்டது, முப்பது நாள் தங்க விசா வழங்கப்பட்டது, சான்றளித்தவரின் நேர்மை கருத்திற்கொள்ளப்பட்டது என்று ஒரு வரியும் இருந்தது. தம்பி விரல்விட்டு எண்ணினார். "மாமா, சரியா பதினோரு நாள் லேட்டு. அவங்களுக்கு நாம தடை போடலாமா?"

ஆனால் மேஸ்திரி சிரிக்கவில்லை. குழந்தைக்குக் குறித்த நாள் பன்னிரண்டு. கிடைத்த விமானமோ பதினாறு. மகளை அழைத்தார்.

"அம்மாடி, நான் வரதுக்குள்ள..."

"பயப்படாதீங்கப்பா. இங்க ஒரு அறிகுறியும் இல்ல."

பன்னிரண்டு கடந்தது. பதின்மூன்று. பதினான்கு. மனைவி அழைத்தார். "உங்க பேரப்பிள்ள கெளம்புற மாதிரியே தெரியலீங்க. 'குடும்பத்துல யாராவது இப்படித் தள்ளிப் பொறந்திருக்காங்களா'ன்னு டாக்டர் கேட்டாங்க. பொறந்தது இல்ல, கெளம்புறதுக்கு நாள் தள்றவரு ஒருத்தரு இருக்காருன்னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க."

பதினேழாம் தேதி முற்பகல், அந்நாட்டு விமான நிலையத்தில், கணினித் திரையை நெடுநேரம் பார்த்த அதிகாரி ஒருவர், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டார். மேஸ்திரி தேதி, கிழமை, விமான எண், இருக்கை எண், அது சன்னலோரம் என்பது ஈறாக ஒப்பித்தார். அதிகாரி அவ்வளவு கேட்கவில்லை.

பதினெட்டாம் தேதி பகல் பதினொன்றே காலுக்கு, ஆறு நாள் கூடுதலாகத் தங்கிய பேத்தி பிறந்தாள். மேஸ்திரி மூன்று மணி நேரம் முன்பே வந்து கதவருகே நின்றிருந்தார். மருத்துவமனைத் தரையை ஒருமுறைகூட அவர் தட்டிப்பார்க்கவில்லை என்று மனைவி பிற்பாடு வியந்து சொன்னார். துணியில் சுற்றிய குழந்தையை மகள் அவர் கையில் தரச் சொன்னாள். அவர் இரு உள்ளங்கைகளையும் ரசமட்டம் போல் நேராக வைத்து ஏந்தினார்.

"பிடிக்கத் தெரியுதே," என்றாள் மகள்.

"நீ பொறந்தப்ப உன்னப் பிடிக்கல. அதான் இப்ப கத்துக்கறேன்," என்றார்.

நாட்கள் ஓடின. இருபத்தேழாம் நாள் சமையலறைத் தொட்டியருகே ஒரு டைல்ஸ் அசைவதை மேஸ்திரி கண்டார். மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். மனைவி அவர் கையைப் பார்த்தார். அன்றைக்கே பெயர்த்து அன்றைக்கே பதித்தார். மருமகனை அருகில் நிறுத்தி, "மாப்ள, ஒரு நாளைக்கு மூணு தடவ. ஏழு, ஒண்ணு, ஆறு. உங்க அட்டவணையில ஏத்திக்குங்க," என்று ஒப்படைத்தார். மனைவியின் விசாவில் இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. அவர் மகளோடு தங்கினார்.

இருபத்தொன்பதாம் நாள், விமானம் புறப்பட மூன்று மணி நேரம் முன்பே, மேஸ்திரி கண்ணாடிக் கூண்டின் முன் நின்றார். அதிகாரி முத்திரையிட்டுப் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் முன்னதாகவே செல்வதற்கு மேஸ்திரி காரணம் தயாரித்து வைத்திருந்தார். அதைக் கேட்பார் இல்லாமையால் சிறிது ஏமாற்றத்தோடு அப்பால் நகர்ந்தார்.

காத்திருப்புக் கூடத்து இருக்கையில் அமர்ந்ததும் மருமகனை அழைத்தார்.

"மாப்ள, ஒரு மணித் தண்ணி ஊத்தியாச்சா?"

மறுமுனையில் குழந்தை அழும் ஒலி; எதுவோ விழும் ஒலி; நான்கு வாரம் சரியாக உறங்காத, கால அட்டவணை வகுக்கும் மனிதரின் குரல்.

"நாளைக்கு ஊத்துறேன் மாமா."

மேஸ்திரி எழுந்து நின்றார். வெளியே செல்லும் வாயில் இடப்பக்கம் இருந்தது. விமானத்துக்குச் செல்லும் வாயில் வலப்பக்கம். இடப்பக்கம் ஒருமுறை பார்த்தார். தொலைபேசியில் மனைவியின் குரல் குறுக்கே வந்தது.

"நான் இருக்கேன். நான் ஊத்துறேன். நீங்க ஏறுங்க."

"ஏழு, ஒண்ணு, ஆறு," என்றார் மேஸ்திரி.

"ஏறுங்க."

அவர் வலப்பக்கம் நடந்தார்.